புகை கூடினால் மழை கூடுமா? மேகக்கருக்களும் நகர மாசும்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: "தூசி இல்லாமல் மேகம் உண்டாகாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்படியானால் மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் புகை கூடக் கூட மேகமும் மழையும் கூடத்தானே வேண்டும்? மாசு மழையைக் கெடுக்கிறது என்று ஏன் சொல்கிறார்கள், ஐயா? அந்தப் புகை நம் செட்டிநாட்டு வானம் வரைக்கும் வருமா?"

காரைக்குடியில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை வகுப்பறையிலும் பலமுறை கேட்டிருக்கிறேன். தம்பி பள்ளியில் படித்தது முழுக்கச் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவில்தான் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. காற்றில் துகள்கள் கூடினால் மேகத்துளிகளின் எண்ணிக்கை கூடும் என்பது உண்மை. ஆனால் மேகத்துளி வேறு, மழைத்துளி வேறு. முன்னதிலிருந்து பின்னது எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தால், எண்ணிக்கை கூடுவதே மழைக்கு எப்படி இடையூறு ஆகிறது என்பது தானே விளங்கும்.

முதலில் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்றை எடுத்து, அதில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரை ஊற்றி, மூடிக் குலுக்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துச் சட்டென்று விடுங்கள். உள்ளே ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. கூர்ந்து பார்த்தால் மெல்லிய மங்கல் ஒன்று வந்து மறையலாம். இப்போது மூடியைத் திறந்து, அணைத்த தீக்குச்சியின் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு மூடி, மறுபடி அழுத்தி விடுங்கள். பாட்டில் முழுக்க வெண்மையாக ஒரு மேகம் நிறைந்து நிற்கும். அழுத்தினால் மறையும், விட்டால் திரும்ப வரும். வளவு முற்றத்து வெயிலில் ஒரு கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துக்கொண்டு செய்தால் சிறு பிள்ளைகள்கூடத் தெளிவாகப் பார்ப்பார்கள். அழுத்தம் தளரும்போது காற்று விரிந்து குளிர்கிறது; குளிர்ந்த காற்றால் முன்பு தாங்கிய அளவு நீராவியைத் தாங்க முடிவதில்லை; அந்த உபரி ஆவி புகைத்துகள்களின் மேல் படிந்து நீராகிறது. இரண்டு முறையும் நீர் அதே நீர், குளிர்ச்சியும் அதே குளிர்ச்சி. இடையில் சேர்ந்தது புகை மட்டுமே.

பிரான்சில் கூலியே என்பவர் 1875-இலும், ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன் 1880-இலும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். எய்ட்கன் இரண்டு பெரிய கண்ணாடிக் கலங்களை எடுத்து, ஒன்றில் சாதாரண அறைக் காற்றையும் மற்றொன்றில் பஞ்சு வழியாக வடிகட்டிய காற்றையும் நிரப்பி, இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதல் கலம் வெண்புகையாய் நிறைந்தது. இரண்டாவது கலம் கடைசிவரை தெளிவாகவே இருந்தது. தூசி இல்லாவிட்டால் மூடுபனியும் இல்லை, மேகமும் இல்லை, நாம் அறிந்த வடிவில் மழையும் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தது அங்கிருந்துதான்.

ஏன் அப்படி? சில நீர் மூலக்கூறுகள் தாமாகவே கூடி ஒரு நுண்துளி ஆனால், அதன் மேற்பரப்பு மிகக் கடுமையாக வளைந்திருக்கும். அவ்வளவு வளைந்த பரப்பில் உள்ள மூலக்கூறுகளை அண்டையில் உள்ளவை இழுத்துப் பிடிக்க முடியாமல் போவதால், துளி உண்டான வேகத்திலேயே ஆவியாகிவிடும். அதையும் மீறித் துளி நிலைக்க வேண்டுமானால் காற்றில் ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) நூறு சதவீதத்தைத் தாண்டிப் பல மடங்கு ஏற வேண்டும். உண்மையான மேகங்களுக்குள் ஈரப்பதம் நூறைத் தாண்டுவது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே. இந்தச் சிறிய உபரியை வைத்துக்கொண்டு மேகம் உண்டாக வேண்டுமானால், ஏற்கெனவே ஓரளவு பருமன் உள்ள, நீரை விரும்பும் ஒரு துகள் அடித்தளமாக அமைய வேண்டும். அந்தத் துகளைத்தான் மேகக்கரு என்கிறோம்.

நீரை விரும்பும் துகள் என்றால் என்ன என்பதை ஐப்பசி மாதத்து அடுப்படியில் பார்க்கலாம். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் உப்பு ஜாடியின் அடியில் நீர் கசிந்து நிற்கும். ஆச்சிமார்கள் அதற்காகவே ஜாடியைச் சற்றுச் சாய்த்து வைப்பதுண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்புப் படிகம் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். நம் கல்லுப்பில் சிறிது மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். ஜாடியில் நடப்பதுதான் வானத்தில் உள்ள ஒவ்வோர் உப்புத் துணுக்கிலும் நடக்கிறது. கரைந்த உப்பு, துளியிலிருந்து நீர் வெளியேறுவதைத் தடுக்கிறது. வளைந்த பரப்பு, நீரை வெளியே தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியைச் சுவீடன் நாட்டு ஹில்டிங் கோலர் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். 1936-இல் முழுமை பெற்ற அந்தக் கோட்பாடுதான் இன்றும் மேக இயற்பியலின் அடிப்படை. துகள் பெரிதாகவும் அதில் கரையும் பொருள் மிகுதியாகவும் இருந்தால் மிகச் சிறிய உபரி ஈரத்திலேயே அது மேகத்துளியாக விரிந்துவிடும் என்பதே அதன் சாரம்.

இனி நகரத்துக்கு வருவோம். நகரப் புகை என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதற்குள் பல வகைத் துகள்கள் இருக்கின்றன. அவற்றில் எல்லாமே மேகக்கரு ஆவதில்லை. டீசல் வண்டியின் புகைக்குழாயிலிருந்து அப்போதுதான் வந்த கரித்துகள், எண்ணெய் தடவிய தோசைக்கல்லைப் போல நீரை ஒட்டவிடாது. ஆனால் அதே காற்றில் நிலக்கரி, எண்ணெய் ஆகியவை எரிந்ததால் வந்த கந்தக டை ஆக்சைடு வாயுவும், வண்டிகள் கக்கிய நைட்ரஜன் ஆக்சைடுகளும், கால்நடைச் சாணத்திலிருந்தும் உரமிட்ட வயல்களிலிருந்தும் சாக்கடைகளிலிருந்தும் எழும் அம்மோனியாவும் கலந்திருக்கின்றன. வெயில் ஏற ஏறக் கந்தக வாயு கந்தக அமிலமாக மாறி, அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் ஆகிறது. இதுவும் உப்பைப் போல நீரை இழுப்பதில் வல்லது. கரித்துகளின் மேல் இது பூச்சாகப் படிந்துவிட்டால், காலையில் நீரை விரட்டிய துகள் மறுநாளைக்குள் நல்ல மேகக்கருவாக மாறியிருக்கும். அதாவது, நகரம் கக்கும் புகையின் மேகம் பிடிக்கும் திறன் அந்த நகரத்துத் தெருவில் இருப்பதைவிட, காற்று போகும் திசையில் பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால் அதிகமாக இருக்கும். தம்பியின் கடைசிக் கேள்விக்கு இந்த விவரம் மிக முக்கியம். பிறகு அதற்குத் திரும்புகிறேன்.

குப்பையோடு பிளாஸ்டிக் எரிப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதிலிருந்து வரும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி குளிர்ந்த இரவுகளில் அம்மோனியாவோடு கூடி, ஈரத்தை மிகக் கடுமையாக இழுக்கும் குளோரைடுத் துகளாகிறது. டெல்லியின் குளிர்காலப் பனிமூட்டம் அவ்வளவு அடர்த்தியாவதில் இதன் பங்கு பெரிது என்பதைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் தலைமையில் 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் சென்னையில் எதிரே வரும் வண்டி தெரியாமல் போவதற்குக் காரணமும் இதே வகையைச் சேர்ந்தது: ஈரம் மிகுந்த மார்கழிக் காற்றில் ஒரே நேரத்தில் கோடானுகோடிப் புகைத்துகள்கள் கலந்து, ஒவ்வொன்றும் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறேன். செய்தித்தாளில் பிஎம் 2.5 என்று வரும் அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள, 2.5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்படாத நுண்துகள்களின் எடை. அதை மைக்ரோகிராமில் சொல்வார்கள். மேகத்துக்கு எடை முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். பெரும்பாலான மேகக்கருக்களின் விட்டம் சுமார் 0.1 மைக்ரான், நம் தலைமுடியின் தடிமனில் எழுநூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 2.5 மைக்ரான் விட்டமுள்ள ஒரே ஒரு துகளின் எடையில் 0.1 மைக்ரான் துகள்கள் 15,625 அடங்கும். எனவே பிஎம் அளவு குறைந்திருக்கும் ஒரு நாளில்கூட மேகக்கருக்கள் ஏராளமாக இருக்கக்கூடும். சுத்தமான நடுக்கடல் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு அல்லது அதற்கும் குறைவான மேகக்கருக்களே இருக்கும். மாசுபட்ட நிலப்பகுதிக் காற்றில் அது ஆயிரங்களாக ஏறும். ஒரு சர்க்கரைக் கட்டி அளவு காற்றில் உள்ள எண்ணிக்கையைத்தான் சொல்கிறேன்.

இப்போது மையக் கேள்விக்கு வரலாம். ஒரு மேகத்தில் எவ்வளவு நீர் சேரும் என்பதைத் தீர்மானிப்பது மேலெழும் காற்றின் ஈரமும் அது எவ்வளவு உயரம் ஏறிக் குளிர்கிறது என்பதும்தான். துகள்கள் கூடியதால் நீர் கூடுவதில்லை. கல்யாண வீட்டில் நூறு இலைக்குச் சமைத்த சாம்பார் வாளியோடு பரிமாறுகிறவர் வந்து நிற்கும்போது, பந்தியில் எண்ணூறு இலை போட்டிருந்தால் என்ன ஆகும்? எல்லா இலையிலும் ஒரு சொட்டு விழும். ஒருவருக்கும் சோறு பிசைய ஆகாது. மேகத்திலும் அப்படியே. அதே நீர் எட்டு மடங்கு துகள்களுக்குப் பகிர்ந்தால், ஒவ்வொரு துளியின் கன அளவும் எட்டில் ஒன்றாகி, அதன் ஆரம் பாதியாகிறது.

இதனால் விளையும் முதல் மாற்றம் கண்ணுக்குத் தெரிவது. எட்டு மடங்கு துளிகள், ஒவ்வொன்றின் பரப்பும் நாலில் ஒன்று என்றால், மொத்தப் பரப்பு இரண்டு மடங்காகிறது. ஒளியைச் சிதறடிப்பது பரப்புதான் என்பதால் மேகம் மேலும் வெண்மையாகி, வெயிலை மேலும் அதிகமாக வானுக்கே திருப்பி அனுப்புகிறது. கற்கண்டுக் கட்டி கண்ணாடிபோல் இருப்பதும், அதையே இடித்துப் பொடியாக்கினால் வெள்ளைவெளேர் என்றாவதும் இதே காரணத்தால்தான். ஷான் டூமி என்ற அறிவியலாளர் 1974-இல் இதைச் சொன்னார். இன்று அது டூமி விளைவு என்றே வழங்குகிறது. கடலில் போகும் கப்பல்களின் புகை, தாழ்ந்த மேகப் பரப்பின் மேல் நீண்ட வெண்கோடுகளை இழுத்துவிட்டுப் போவதை 1960-களிலேயே செயற்கைக்கோள் படங்களில் கண்டிருக்கிறார்கள். கீழே கடல், நடுவே கப்பல், மேலே அது கிழித்த கோடு: துகளுக்கும் மேகத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு பச்சையாகக் காட்டும் சான்று வேறு இல்லை என்பது என் கருத்து.

இரண்டாவது மாற்றம் மழையைத் தொடுவது. பத்து மைக்ரான் ஆரமுள்ள மேகத்துளி ஒரு நொடிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். அதற்குள் வழியிலேயே ஆவியாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள மழைத்துளியோ நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் விழும். அப்படிப்பட்ட ஒரு மழைத்துளி உண்டாக ஏறக்குறைய பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். ஆவி படிந்து படிந்தே அந்த அளவுக்கு வளர்வதென்றால் மேகத்தின் ஆயுள் போதாது. துளிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் கலந்தால்தான் முடியும். மோத வேண்டுமானால் அவை வெவ்வேறு வேகத்தில் விழ வேண்டும். வேகம் வேறுபட அளவு வேறுபட வேண்டும். எல்லாத் துளிகளும் ஒரே மாதிரிச் சிறியவையாக இருக்கும் மேகத்தில் அவை ஒன்றையொன்று தொடாமல், காற்றோட்டத்தோடு வழுக்கி விலகிப் போய்விடுகின்றன. துளிகளின் ஆரம் சுமார் 14 மைக்ரானை எட்டும்போதுதான் மோதல் வேகம் பிடித்து மழை தொடங்குகிறது. மாசுபட்ட மேகம் அந்த அளவை எட்ட மேலும் உயரமாக வளர வேண்டும். உயரம் குறைந்த மேகமானால், மழை பெய்யாமலே கரைந்து போகும்.

ஜெருசலேமைச் சேர்ந்த டேனியல் ரோசன்ஃபெல்ட் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் செயற்கைக்கோள் படங்களில் காட்டியது. துருக்கி, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் உருக்காலைகள், மின்நிலையங்கள், நகரங்கள் ஆகியவற்றின் காற்றுத்திசையில், மேகங்களுக்குள் துளிகள் சிறுத்தும் மழை அடங்கியும் போன தனித்த பட்டைகள் தெரிந்தன. பட்டைக்கு இருபுறமும் இருந்த மேகங்களோ இயல்பாகப் பொழிந்தன. ஒரே வானம், ஒரே ஈரம், நடுவே மட்டும் புகை. வகுப்பில் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய நாட்களில், பாட்டில் சோதனையை ஒரு நாட்டின் பரப்பளவுக்குப் பெரிதாக்கிக் காட்டியது போலப் பிள்ளைகள் வியந்தார்கள்.

ஆனால் "மாசு மழையைக் குறைக்கும்" என்ற ஒரே வரியோடு நிறுத்தினால் அது பாதி உண்மைதான். மேகத்தின் ஆழத்தையும் துகளின் பருமனையும் பொறுத்துக் கதை மாறும்.

பருமனை முதலில் பார்ப்போம். மேகக்கருக்களிலேயே ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட பெரியவை சில உண்டு. கடலலை நுரைத்து உடையும்போது தெறிக்கும் உப்புத் துணுக்குகள் அந்த வகை. அவை எடுத்த எடுப்பிலேயே பெரிய துளிகளாகி, தம்மைவிடச் சிறிய துளிகளைச் சேர்த்துக்கொண்டே விழுந்து மழையை விரைவாகத் தொடங்கிவைக்கின்றன. தேவகோட்டைக்காரருக்குத் தொண்டிக் கடல் தொலைவில்லை. பிற்பகலில் கிழக்கேயிருந்து வரும் கடற்காற்று இந்த உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுவருகிறது. புகை மிகுந்த மேகத்தில்கூட இப்படிப்பட்ட சில பெரிய துகள்கள் நுழைந்தால், தடைபட்ட மழை ஓரளவு திரும்பிவிடும். செயற்கை மழைக்காக விமானத்திலிருந்து கால்சியம் குளோரைடு போன்ற உப்புப் புகையை மேகத்தின் அடியில் விடுவதும் இதே தத்துவம்தான். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009 முதல் கைபெக்ஸ் என்ற திட்டத்தில் கருவிகள் பொருத்திய விமானங்களை மேகங்களுக்குள்ளேயே அனுப்பி, நம் நாட்டு மேகங்களில் துகளும் துளியும் எப்படி இருக்கின்றன என்பதை அளந்திருக்கிறது.

அடுத்தது ஆழம். நம் வானில் நீர் உறையும் நிலை சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் மாலை நேரத்தில் எழும் இடிமேகம் அதைத் தாண்டிப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் வரை வளரும். அத்தகைய மேகத்தில், கீழேயே பொழிந்துவிடாமல் தப்பிய சிறு துளிகள் உயரே போய் உறையும்போது வெளியாகும் வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளி, இடியையும் மின்னலையும் பிந்திய ஒரு கனமழையையும் வலுப்படுத்தக்கூடும் என்று ஒரு கருத்து உண்டு. ரோசன்ஃபெல்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2008-இல் கணக்கிட்டபடி, கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1,200 மேகக்கரு வரை இந்த வலு கூடி, அதற்கு மேல் குறையும். எல்லா அறிவியலாளர்களும் இதை ஏற்கவில்லை, விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் மறுக்க முடியாத ஒரு காட்சி இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன அதே கிழக்குக் கடல்வழியில், வங்கக் கடலைக் கடந்து மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதைக்கு நேர் மேலே, அக்கம்பக்கத்துக் கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் வெட்டுவதை 2017-இல் கண்டறிந்தார்கள். கடலும் காற்றும் ஒன்றாக இருக்க, கப்பல் புகை மட்டும் கோடு போட்டதுபோல் வேறுபடும் இடம் அது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1971 முதல் 1975 வரை நடந்த மெட்ரோமெக்ஸ் என்ற பெரிய கள ஆய்விலும், கோடைக்காலத்தில் நகரத்தின் காற்றுத்திசையில் மழை கூடியிருந்தது தெரியவந்தது. அதைத் துகளின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. கான்கிரீட்டும் தாரும் சூடேறி எழுப்பும் வெப்பக்காற்றும், உயர்ந்த கட்டடங்கள் காற்றைத் தடுத்து மேலே ஏற்றுவதும் சேர்ந்தே மேகத்தை வளர்க்கின்றன. நகரம் ஒரே நேரத்தில் மேகத்தை வெப்பத்தால் வளர்க்கவும் புகையால் மாற்றவும் செய்கிறது. எது மிஞ்சுகிறது என்பது அன்றன்றைக்கு வேறுபடும்.

கரித்துகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வெயிலை உறிஞ்சித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். சூடான காற்றில் ஒப்பு ஈரப்பதம் குறைவதால், அருகில் உள்ள மெல்லிய மேகம் உலர்ந்து கலைந்துவிடும். அதே நேரத்தில் தரைக்கு வரும் வெயில் குறைவதால் கடலும் நிலமும் விடும் ஆவியும் குறைகிறது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன பெரிய ஆய்வு 1999-இல் மாலத்தீவை மையமாகக் கொண்டு நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு, சுருக்கமாக இண்டோயெக்ஸ். குளிர்காலத்தில் துணைக்கண்டத்தின் புகை ஒரு பழுப்புப் படலமாகக் கடல்மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரவிக் கிடந்ததை அது அளந்தது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் முதன்மையானவர் வீ. ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் அது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு மன நிறைவு உண்டு. இந்த மண்ணின் கொடையில் படித்த ஒருவர்தான் நம் புகை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை உலகுக்குக் காட்டினார்.

இனி, தம்பி கேட்ட கடைசிப் பகுதி: அந்தப் புகை நம் வானத்துக்கு வருமா? வரும். இந்தத் துகள்கள் மழையில் கழுவப்படாதவரை சுமார் ஒரு வாரம் காற்றில் மிதக்கும். ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், மதுரையின் காலைப் புகை காரைக்குடியைச் சுமார் நான்கு மணி நேரத்தில் அடைந்துவிடும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று திரும்பியதும், சென்னைப் பக்கத்துக் காற்று இங்கே வந்துசேர ஏறக்குறைய ஒரு நாள் போதும். முன்பு சொன்ன பூச்சு வேலை நடப்பதற்குத் தேவையான நேரமும் அதுவே. நகரத்தைவிட்டுப் புறப்பட்டபோது நீரை விரட்டிய கரித்துகள், இங்கே வந்துசேரும்போது நீரை இழுக்கும் மேகக்கருவாக முதிர்ந்திருக்கும். நகரம் நமக்குப் புகையாகத் தெரியாது. ஆனால் நம் தலைக்கு மேலே உள்ள மேகத்துளிகளின் எண்ணிக்கையில் அது இருக்கும்.

அதற்காக, கண்மாய் நிறையாத ஆண்டுகளுக்கெல்லாம் மதுரைப் புகைதான் காரணம் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஊருணிகளை நிரப்புவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. அது வங்கக் கடலின் தாழ்வு நிலைகளோடு வருகிறது. அந்தப் பெரிய, ஆழமான, கடலீரம் நிறைந்த மேகக் கூட்டங்களில் எவ்வளவு பெய்யும் என்பதைக் கடலின் வெப்பமும் காற்றின் போக்கும் தாழ்வு நிலை கரையைக் கடக்கும் இடமுமே தீர்மானிக்கின்றன. துகள்களின் கை ஓங்கும் இடம் வேறு: ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து வந்து, நிழல் மட்டும் போட்டுவிட்டுப் போகும் அந்த உயரம் குறைந்த, ஈரம் குறைந்த மேகங்கள். அவை எல்லையில் நிற்பவை. துளி கொஞ்சம் பெருத்தால் ஒரு தூறலாவது விழும், சிறுத்தால் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட மேகத்தில்தான் பந்தியில் கூடுதல் இலை போட்டால் சாம்பார் எட்டாமல் போகிறது.

வெளியூர்ப் புகையைச் சொல்லும்போது உள்ளூர்ப் புகையை மறைக்கக் கூடாது. சீமைக் கருவேல விறகை மண்ணால் மூடி நாள்கணக்கில் புகையவிடும் கரிமூட்டங்களும், செங்கல் சூளைகளும், ஊர் ஓரத்தில் எரியும் குப்பைமேடுகளும் இந்தப் பகுதியில் நிறையவே உண்டு. மரப்புகையில் உள்ள கரிமத் துகள்கள் சல்பேட்டைப் போல நீரை வலுவாக இழுப்பதில்லை; ஆனால் அவற்றில் பல ஏற்கெனவே 0.1 மைக்ரான் அளவுக்குப் பெரியவை. ஆகவே நீர்ப்பற்றில் குறைந்ததைப் பருமனில் ஈடுகட்டி, அவையும் மேகக்கருவாகவே முடிகின்றன.

நாடுகள் கூட்டாகவோ தனித்தோ இந்தப் புகையை நிறுத்தினால் என்ன நடக்கும் என்ற கேள்வியும் இதிலேயே தொக்கி நிற்கிறது. பன்னாட்டு அரசுகளிடைக் காலநிலைக் குழு 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதர் வெளியிட்ட துகள்கள் எல்லாம் சேர்ந்து பூமிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.1 வாட் அளவு குளிர்ச்சி தருகின்றன. அதில் பெரும்பங்கு மேகங்கள் வழியாக வருவது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் தரும் வெப்பம் சுமார் 2.16 வாட். துகள்களுக்கான கணக்கில் ஐயத்தின் அகலம் மிகப் பெரிது, 0.4 முதல் 1.7 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், கடல்மேல் அந்த வெண்கோடுகள் வெகுவாகக் குறைந்துபோயின. மேகம் சற்று மங்கினால் கடலுக்குச் சற்று அதிக வெயில் கிடைக்கும். இதைக் காட்டிப் புகை நல்லது என்று வாதிடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். நுண்துகள் நுரையீரலுக்குள் இறங்கி ஆளைக் கொல்வது ஐயமே இல்லாத உண்மை. ஐயம் நிறைந்த ஒரு குளிர்ச்சிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலும், கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கும். துகளோ ஒரு வாரம்தான். கடனுக்கும் கைமாற்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மழை வந்த பிறகும் இந்தத் துகள்களின் கதை நம் வீட்டுக்குள்ளேயே தொடர்கிறது. ஒவ்வொரு பெரிய மழைத்துளிக்குள்ளும் பத்து லட்சம் மேகத்துளிகள் கூடியிருக்கின்றன என்றால், பத்து லட்சம் மேகக்கருக்களும் அதற்குள் இருக்கின்றன. வழியில் அது வாரிக்கொண்ட தூசி வேறு. நாற்புறத்து ஓட்டிலிருந்தும் வளவுக்குள் விழும் முதல் மழையைப் பிடிக்காமல் ஓடவிட்டு, இரண்டாம் மூன்றாம் மழையில் அண்டாவை வைக்கும் வழக்கம் ஓட்டுத் தூசிக்காக ஏற்பட்டதுதான். வானத்துத் தூசிக்கும் அது பொருந்துகிறது.

தம்பி, இதை நேரில் பார்க்க விரும்பினால் மொட்டை மாடி ஒன்று போதும். கார்த்திகையில் ஒரு நல்ல மழை அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் காரைக்குடியில் மேற்கே பாருங்கள். குன்றக்குடி மலை கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல், பாறை விளிம்பு தெரிய நிற்கும். மழை துகள்களைக் கழுவிவிட்டது. பிறகு தை மாதத்தில், மழை இல்லாத பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் அதே இடத்தில் நின்று பாருங்கள். மலை பால் கலந்த நீருக்குள் இருப்பதுபோல் மங்கியிருக்கும். அப்போது காற்றின் ஈரப்பதம் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். நகரங்களிலிருந்தும் நம் சூளைகளிலிருந்தும் வந்து சேர்ந்த துகள்கள் ஒவ்வொன்றும் நீரை உறிஞ்சிப் பருத்து, மேகத்துளி ஆவதற்கு ஒரு படி கீழே நின்றுகொண்டிருக்கும். ஒன்பது மணி வெயிலில் அந்த நீர் உலர்ந்ததும் மலை மெல்லத் தெரியத் தொடங்கும். துகள்கள் அங்கேயேதான் இருக்கும்.